23,836 வாக்குகள்: 1992இல் சுவிட்சர்லாந்து எதற்கு 'வேண்டாம்' என்றது?

1992 டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. சுவிட்சர்லாந்தில் எண்ணி முடித்தபோது ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர 'வேண்டாம்' என்றவர்கள் 50.3 சதவீதம், 'வேண்டும்' என்றவர்கள் 49.7 சதவீதம். சுமார் முப்பத்தைந்தரை லட்சம் வாக்குகளில் வித்தியாசம் 23,836. ஒரு கால்பந்து மைதானத்தில் உட்கார வைத்துவிடக்கூடிய கூட்டம்தான். பன்னிரண்டாயிரம் பேர் மனம் மாறியிருந்தால் அந்த நாட்டின் பாதையே வேறாகியிருக்கும் என்று இன்றும் பேசுகிறார்கள்.

ஆகியிருக்காது. அன்று இரண்டு கணக்குகள் எண்ணப்பட்டன. ஒன்று, நாடு முழுவதும் விழுந்த வாக்குகள். மற்றொன்று, எத்தனை கான்டன்கள் எந்தப் பக்கம் என்பது. கான்டன் என்பது நம் மாநிலத்தைப் போன்றது, ஆனால் அதைவிட அதிகாரம் கூடியது. மொத்தம் 26 கான்டன்கள். அவற்றில் ஆறுக்கு அரை வாக்குதான் என்பதால் கணக்கு 23. ஒப்பந்தம் நிறைவேற இரண்டிலும் பெரும்பான்மை வேண்டும். கான்டன் கணக்கில் அன்று கிடைத்தது 16க்கு 7. மக்கள் வாக்கு மயிரிழையில் தோற்றது, கான்டன் வாக்கோ படுதோல்வி. அந்தப் பன்னிரண்டாயிரம் பேர் மாறி வாக்களித்திருந்தாலும் ஒப்பந்தம் குப்பைக்கூடைக்குத்தான் போயிருக்கும்.

இந்த இரட்டைப் பூட்டை அன்று மாட்டியவர்கள் எதிர்ப்பாளர்கள் அல்லர், அரசாங்கமேதான். இந்த ஒப்பந்தத்துக்குக் கான்டன்களின் பெரும்பான்மையும் கட்டாயம் என்று அரசியல் சாசனத்தில் பளிச்சென்று எழுதியிருக்கவில்லை. விஷயத்தின் கனத்தைக் கருதி அரசே அப்படி முடிவெடுத்தது. அதற்கு முன்னுதாரணமும் இருந்தது. 1972இல் ஐரோப்பியச் சமூகத்துடன் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) தடையற்ற வணிக ஒப்பந்தம் போட்டபோதும் இதே முறையில்தான் மக்களிடம் போனார்கள். அன்று 72.5 சதவீதம் ஆதரவு, எல்லாக் கான்டன்களும் ஒரே பக்கம். இருபது ஆண்டுகளில் அந்த நம்பிக்கை எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி.

1972 ஒப்பந்தத்தின் கேள்வி எளிது: தொழிற்சாலைப் பொருள்களுக்குச் சுங்க வரி வேண்டுமா, வேண்டாமா? கடிகாரமும் இயந்திரமும் மருந்தும் ஏற்றுமதி செய்யும் நாடு அதற்கு 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு நிமிடம்கூட யோசிக்கத் தேவையில்லை. 1992இல் வந்ததோ வேறு வகை. அப்போது பன்னிரண்டு நாடுகளைக் கொண்டிருந்த ஐரோப்பியச் சமூகம், ஒரே உள்நாட்டுச் சந்தையாக மாறிக்கொண்டிருந்தது. பொருள், சேவை, மூலதனம், மனிதர்கள் ஆகிய நான்கும் எல்லைகளில் நிற்காமல் போய்வரும் சந்தை. அதில் உறுப்பினராகாமலேயே கலந்துகொள்ள, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, சுவீடன், நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் ஆகிய ஏழு நாடுகளுக்கு ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி என்ற ஒரு வழி திறக்கப்பட்டது. 1989 ஜனவரியில் இந்த யோசனையை முன்வைத்தவர், அப்போது ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராக இருந்த ழாக் டெலோர். முடிவெடுப்பதிலும் ஏழு நாடுகளுக்குப் பங்கு உண்டு என்ற நம்பிக்கையை அவருடைய பேச்சு கிளப்பிவிட்டது.

பேச்சுவார்த்தை நகர நகர அந்தப் பங்கு தேய்ந்துகொண்டே வந்தது. சட்டங்களை ஐரோப்பியச் சமூகத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் எழுதும், ஏழு நாடுகளின் கருத்தைக் கேட்டுக்கொள்ளும், முடிவு அதனுடையது. இரு தரப்பு நீதிபதிகளும் சேர்ந்து அமரும் ஒரு பொது நீதிமன்றம் என்ற ஏற்பாட்டையும், 1991 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. கடைசியில் 1992 மே 2 அன்று போர்த்துகலின் போர்ட்டோ நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தை நம் வழக்கில் சொன்னால், பந்தியில் இலை போடுவார்கள், அடுக்களைக்குள் விடமாட்டார்கள்.

சுவிஸ் அமைச்சரவைக்கும் இது உறுத்தியது. ஏழு பேர் கொண்ட அந்த அவையில் ஒரு தரப்பு இப்படி வாதாடியது: சட்டம் அங்கேதான் எழுதப்படும் என்றால், அடுக்களைக்குள்ளேயே போய்விடுவது மேல். 1992 மே 17 அன்று உலக வங்கியிலும் பன்னாட்டு நிதியத்திலும் சேர மக்கள் சம்மதம் தந்திருந்தார்கள். அந்தச் சூட்டோடு சூடாக, மறுநாளே அமைச்சரவை 4க்கு 3 என்ற கணக்கில், ஐரோப்பியச் சமூகத்தில் முழு உறுப்பினராக விண்ணப்பிக்க முடிவு செய்தது. அமைச்சர் அடோல்ஃப் ஓகி, பொருளாதாரப் பகுதியைச் சமூகத்துக்கான 'பயிற்சி முகாம்' என்றே வர்ணித்தார்.

என் கணக்கில் அந்த வாக்கெடுப்பு டிசம்பரில் தோற்கவில்லை, மே மாதத்திலேயே தோற்றுவிட்டது. முகூர்த்த நாளைக் குறித்துவிட்டு 'சும்மா பெண் பார்க்கத்தான் வந்தோம்' என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சந்தை மட்டும் போதும் என்று நினைத்த வாக்காளருக்கு, வாக்குச்சீட்டின் முதுகில் இன்னொரு கேள்வி தெரிய ஆரம்பித்தது. அதற்குத்தான் அவர் பதில் எழுதினார்.

அந்த முதுகுப்பக்கத்தை ஊர் ஊராகப் போய் உரக்கப் படித்துக் காட்டியவர் கிறிஸ்டோஃப் புளோக்கர். சுவிஸ் மக்கள் கட்சியின் சூரிச் தலைவர், பாதிரியாரின் மகன். வெளிநாடுகளுக்குப் பொருள் விற்றுச் செழித்த ஒரு வேதிப்பொருள் நிறுவனத்தின் உரிமையாளரும்கூட. பெருந்தொழில் அமைப்புகள் 'வேண்டும்' என்றன, பெரிய கட்சிகளில் பெரும்பாலானவை 'வேண்டும்' என்றன, அமைச்சரவையும் நாடாளுமன்றமும் 'வேண்டும்' என்றன. ஏற்றுமதிக்காரரான இவர் 'வேண்டாம்' என்றது எதிர்ப்புக்கு ஒரு தனி மதிப்பைத் தந்தது. சந்தையால் யாருக்கு லாபம் என்ற தர்க்கத்தில் அவர் அதிகம் சிக்கிக்கொள்ளவில்லை. அவருடைய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த நாட்டில் சட்டம் போடுவது யார்?

'அந்நிய நீதிபதிகள் வேண்டாம்' என்ற கோஷம் அந்தப் பிரச்சாரத்தில் திரும்பத் திரும்ப ஒலித்தது. வெளியில் இருப்பவர்களுக்கு இது ஏதோ வழக்கறிஞர் சங்கத் தீர்மானம்போலத் தோன்றும். சுவிஸ் காதுகளுக்கு அப்படி இல்லை. 1291ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஒரு தோல் ஓலை ஷ்வீட்ஸ் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊரி, ஷ்வீட்ஸ், உன்டர்வால்டன் என்ற மூன்று மலைப் பள்ளத்தாக்குகள் ஒன்றுக்கொன்று துணை நிற்பதாகச் செய்துகொண்ட உடன்படிக்கை அது. அளவில் சிறியது, எழுத்து லத்தீனில். காசு கொடுத்துப் பதவி வாங்கிய எவரையும், எங்கள் பள்ளத்தாக்கைச் சேராத எவரையும் நீதிபதியாக ஏற்கமாட்டோம் என்று அதில் ஒரு வாசகம் வருகிறது. நாட்டின் பிறப்புச் சான்றிதழ்போல அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். வாக்கெடுப்புக்கு முந்தைய ஆண்டான 1991இல்தான் அதன் எழுநூறாவது ஆண்டு விழாவை நாடு முழுவதும் கொண்டாடியிருந்தார்கள். அந்த விழாவின் மேளச் சத்தம் அடங்குவதற்குள், லக்சம்பர்க்கில் உட்கார்ந்திருக்கும் ஐரோப்பிய நீதிமன்ற நீதிபதிகளின் தீர்ப்புகளைப் பின்பற்றச் சொல்லி ஒரு தடித்த ஒப்பந்தம் வந்து நின்றால் என்ன ஆகும்? வரலாற்று அறிஞர்கள் அந்த ஓலையின் பழைமையையும் பொருளையும் பற்றி எத்தனையோ கேள்விகள் எழுப்பியிருக்கிறார்கள். வாக்குச் சாவடிக்கு அவர்களின் அடிக்குறிப்புகள் வந்து சேர்வதில்லை.

எதிர்ப்பை வலதுசாரிகளின் கைங்கரியமாக மட்டும் பார்ப்பதும் தவறு. பசுமைக் கட்சியும் 'வேண்டாம்' என்றே பரிந்துரைத்தது. அன்று சுவிஸ் சாலைகளில் லாரிகளுக்கான எடை வரம்பு 28 டன், பக்கத்து நாடுகளில் 40. ஆல்ப்ஸ் மலைக் கணவாய்கள் வழியாக வடக்கிலிருந்து இத்தாலிக்குப் போகும் லாரி வரிசையை, பள்ளத்தாக்கில் குடியிருப்பவர்கள் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவின் குறுக்குச் சந்தாகத் தங்கள் ஊர் ஆகிவிடும் என்ற அச்சம் கற்பனை அல்ல. இன்னும் சிலருக்கு, கையெழுத்துத் திரட்டி எந்தச் சட்டத்தையும் மக்கள் வாக்குக்கு இழுத்துவரும் தங்கள் உரிமை சுருங்கிவிடுமே என்ற கவலை.

முடிவு வந்த பிறகு வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு வாய் அடைத்தது. பிரெஞ்சு பேசும் மேற்குப் பகுதி முழுக்க ஆதரவு, நியூஷடெல்லில் அது 80 சதவீதம். ஊரி கான்டனில் நான்கில் மூன்று பங்கு எதிர்ப்பு. ஜெர்மன் பேசும் கான்டன்களில் ஆதரித்தவை பாசல் நகரமும் பாசல் கிராமப்புறமும் மட்டும். அந்த இரண்டும் அரைக் கான்டன்கள், ஆக சேர்த்தாலும் ஒன்றுதான். பிரெஞ்சு, ஜெர்மன் எல்லைகளை ஒட்டிய பாசலின் மருந்துத் தொழிற்சாலைகளுக்கு அன்றாடம் எல்லை தாண்டித்தான் ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள். சந்தை ஒன்றாவது அங்கே புதுச் செய்தியல்ல.

இரு மொழிப் பகுதிகளுக்கும் இடையிலுள்ள இந்தப் பிளவை அங்கே 'ரோஷ்டிப் பள்ளம்' என்று விளையாட்டாகச் சொல்வார்கள். ரோஷ்டி என்பது உருளைக்கிழங்கைத் துருவித் தட்டையாக வறுத்து எடுக்கும் ஜெர்மன் பகுதிச் சிற்றுண்டி. அதைச் சாப்பிடுகிறவர்கள் ஒரு கரை, சாப்பிடாதவர்கள் மறு கரை என்பது கேலி. அந்த டிசம்பரில் கேலி கொஞ்சம் கசந்துவிட்டது. அத்தனை பெரும்பான்மையோடு ஆதரித்தும், எண்ணிக்கையில் பெரிய ஜெர்மன் பகுதி தங்களை இழுத்துக்கொண்டு போய்விட்டதாக மேற்கில் பொருமினார்கள். பிரெஞ்சுப் பகுதிக்காரரான பொருளாதார அமைச்சர் ழான்-பாஸ்கல் டெலாமுராஸ் அன்றைய நாளைக் 'கறுப்பு ஞாயிறு' என்றார். எல்லாவற்றையும் மொழியின் தலையில் கட்டவும் முடியாது. இத்தாலிய மொழி பேசும் டிசினோவும் அறுபது சதவீதத்துக்கு மேல் எதிர்த்தது. மலைக்கு அப்பாலுள்ள லொம்பார்டியிலிருந்து குறைந்த கூலிக்கு ஆள் வந்துவிடுவார்கள் என்ற பயம் அங்கே பெரிது.

வாக்களித்தவர்கள் 78.7 சதவீதம். 1947க்குப் பிறகு எந்தப் பொதுவாக்கெடுப்புக்கும் அங்கே இத்தனை பேர் வந்ததில்லை. ஆண்டுக்கு நான்கு தடவை வரை வாக்கெடுப்பு நடக்கும் நாட்டில் பாதிப் பேர் வந்தாலே பெரிய விஷயம். இலங்கைப் போரிலிருந்து தப்பி அங்கே தஞ்சம் கேட்டிருந்த தமிழர்களால் அந்தக் குளிர்காலத்தில் இதை வேடிக்கை பார்க்க மட்டுமே முடிந்தது. இன்று குடியுரிமை பெற்ற பல தமிழ்க் குடும்பங்களின் சாப்பாட்டு மேசைக்கும் வாக்கெடுப்பை விளக்கும் அரசுக் கையேடு தபாலில் வருகிறது.

ஒரு வாரம் கழித்து நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ரைன் ஆற்றின் மறுகரையில் இருக்கும் லீக்டென்ஸ்டைன், சுவிஸ் பிராங்கைப் புழங்குவது, சுவிட்சர்லாந்துடன் 1923இலேயே சுங்க ஒன்றியம் செய்துகொண்டது. இரண்டுக்கும் நடுவில் சுங்கச்சாவடி கிடையாது. அண்ணன் 'வேண்டாம்' என்றால் தம்பிக்கு வேறு வழியில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். டிசம்பர் 13 அன்று அதே கேள்விக்கு லீக்டென்ஸ்டைன் 55.8 சதவீதம் 'வேண்டும்' என்றது. அப்புறம் ஆரம்பித்தது தலைவலி. ஐரோப்பியச் சந்தையில் இருக்கும் நாடு, அந்தச் சந்தையில் இல்லாத நாட்டுடன் திறந்த எல்லை வைத்திருப்பது எப்படி? சுங்க உடன்பாட்டைத் திருத்தி, இரண்டு விதிகளுக்கும் பொருந்தும் பொருள்கள் உள்ளே சேர்ந்து புழங்கலாம், ஆனால் ஐரோப்பிய விதிக்கு மட்டும் பொருந்துவது சுவிஸ் பக்கம் கசியக்கூடாது என்று ஒரு கண்காணிப்பு முறையை உருவாக்கினார்கள். அதையும் 1995இல் மக்களிடம் கேட்டு ஒப்புதல் வாங்கி, அந்த மே மாதம் முதல் தேதி பொருளாதாரப் பகுதிக்குள் நுழைந்தார்கள். சுவிட்சர்லாந்துக்கு மிக நெருங்கிய நாடு, இன்றுவரை அது போகாத சந்தைக்குள் இருக்கிறது.

ஓகியின் 'பயிற்சி முகாம்' என்ன ஆயிற்று? மீதி ஆறு நாடுகளில் ஆஸ்திரியா, சுவீடன், பின்லாந்து மூன்றும் 1995 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டன. நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் மூன்றும் முப்பது ஆண்டுகளாக முகாமிலேயே இருக்கின்றன. பாதிக்குப் பாதி. அவர் சொன்னதும் சரி, எதிர்ப்பாளர்களின் பயமும் சரி என்று இரு தரப்பும் இந்தக் கணக்கை இன்றும் காட்டிக்கொள்ளலாம்.

பொருளாதார விளைவைக் கேட்டாலும் இதே குழப்பம்தான். 1990இல் 0.5 சதவீதமாக இருந்த வேலையின்மை 1997இல் 5 சதவீதத்தைத் தாண்டியது. வளர்ச்சி பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. 'பார்த்தீர்களா' என்றார்கள் ஆதரவாளர்கள். ஆனால் அதே ஆண்டுகளில்தான் வீட்டுமனை விலைக் குமிழ் வெடித்திருந்தது, மத்திய வங்கி வட்டியை இறுக்கிப் பிடித்திருந்தது. எது எவ்வளவு காரணம் என்று பிரித்து எடுப்பது, சாம்பாரிலிருந்து உப்பைப் பிரித்து எடுக்கிற வேலை.

ஒரு நிறுவனத்தின் கதை மட்டும் சற்றுத் தெளிவாகத் தெரிகிறது. சுவிஸ்ஏர் விமான நிறுவனம் உலகம் முழுவதும் நற்பெயர் பெற்றது. 1993 முதல் ஐரோப்பியச் சந்தைக்குள் விமானச் சேவைகள் படிப்படியாகத் திறந்துவிடப்பட்டபோது, அது வெளியே நின்றது. உள்ளே கால்வைக்க அது தேர்ந்தெடுத்த வழி, உள்ளே இருக்கும் நிறுவனங்களின் பங்குகளை வாங்குவது. 1995இல் பெல்ஜியத்தின் சபேனாவில் ஏறத்தாழப் பாதியை வாங்கியது, பிறகு பிரான்ஸ், ஜெர்மனி என்று நீண்டது. வாங்கியவற்றில் பல நட்டத்தில் ஓடியவை. நிர்வாகத்தின் ஆசையும் தவறுகளும் இதில் ஏராளம், எல்லாப் பழியையும் வாக்காளர் மேல் போட முடியாது. 2001 அக்டோபர் 2 அன்று எரிபொருளுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் விமானங்கள் தரையில் நின்றன. சுவிஸ் நிறுவனங்களுக்கு ஐரோப்பிய வானத்தைத் திறந்துவிடும் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது 2002 ஜூன் 1. எட்டு மாதம் தாமதம்.

அந்த விமான ஒப்பந்தம், 1992க்குப் பிறகு சுவிட்சர்லாந்து கண்டுபிடித்த மூன்றாவது வழியின் ஒரு துண்டு. முழுத் தாலியும் வேண்டாம், முழு விலகலும் வேண்டாம், வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாகப் பேசுவோம் என்று உட்கார்ந்தார்கள். ஐரோப்பா அதற்கும் ஒரு கண்ணி வைத்தது. ஆட்கள் தடையின்றிக் குடியேறுவது, சாலை, வானம், வேளாண்மை, ஆராய்ச்சி என ஏழு ஒப்பந்தங்கள் ஒரே கட்டாக வந்தன. ஒன்றை முறித்தால் ஏழும் முறியும். பேச்சுவழக்கில் இந்த விதிக்குப் பெயரே 'கில்லட்டின்', அதாவது தலை வெட்டும் இயந்திரம். 2000 மே மாதம் மக்கள் அதை 67.2 சதவீத ஆதரவோடு ஏற்றார்கள். 40 டன் லாரிகளுக்கும் வழி விட்டார்கள், ஆனால் தூரத்துக்கும் எடைக்கும் ஏற்ப வரி வசூலித்துக்கொண்டு. உள்ளே சேரும் பேச்சை எடுத்தால் மட்டும் கோபம் வந்தது. வாக்கெடுப்புக்கு மறுநாளின் தேதியைத் தன் பெயராக வைத்துக்கொண்டு ஓர் இளைஞர் இயக்கம் கிளம்பியது. ஐரோப்பாவுக்கு ஆதரவான அந்தத் தலைமுறையின் உழைப்பில் வந்த 'ஐரோப்பாவுக்குச் சம்மதம்' என்ற முனைவை (கையெழுத்துத் திரட்டி மக்கள் வாக்குக்குக் கொண்டுவரும் கோரிக்கை) 2001இல் 76.8 சதவீதம் பேர் நிராகரித்தார்கள்.

ஆக, சந்தை அவர்களுக்கு என்றைக்கும் கசக்கவில்லை. கசந்தது, விதியை வேறொருவர் எழுதுவது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த விதிகள் எப்படியோ வந்துவிட்டன. பொருளாதாரப் பகுதிக்காகத் திருத்தி வைத்திருந்த சட்டங்களின் தொகுப்புக்கு 'யூரோலெக்ஸ்' என்று பெயர் இட்டிருந்தார்கள். தோற்றதும் அதில் கணிசமானவற்றை எடுத்து, 'சுவிஸ்லெக்ஸ்' என்று பெயர் மாற்றி, நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். சுவிஸ் நிறுவனம் ஐரோப்பாவில் விற்கவேண்டுமென்றால் ஐரோப்பிய அளவுகோல்தான். இரண்டு வகையாகத் தயாரிப்பது கட்டுப்படியாகாது. இப்படித் தாங்களாகவே பின்பற்றுவதற்கு அவர்களின் அரசியல் அகராதியில் தனிச் சொல்லே உண்டு, 'தன்னாட்சியுடன் பின்பற்றுதல்'. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் வேறு வழியுமில்லை என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது.

புளோக்கரின் கட்சிக்கு அந்த ஞாயிறு பொன்னாளாயிற்று. 1991இல் 11.9 சதவீத வாக்கு வாங்கிய கட்சி, 2015இல் 29.4 சதவீதம் வாங்கியது. 2014இல் அது கொண்டுவந்த, குடியேற்றத்துக்கு வரம்பு கோரும் முனைவு வென்றதும் 50.3 சதவீதத்தில்தான். அதே எண், இந்த முறையும் கான்டன்கள் கூடவே. ஆட்கள் தடையின்றி வரும் ஒப்பந்தத்தில் கைவைத்தால் கில்லட்டின் விழும் என்பதால், நாடாளுமன்றம் அந்தத் தீர்ப்பை நீர்த்த வடிவில்தான் அமல்படுத்தியது. 2020இல் அந்த ஒப்பந்தத்தையே முறிக்கக் கேட்டபோது 61.7 சதவீதம் பேர் மறுத்தார்கள். துண்டு துண்டான ஒப்பந்தங்களுக்கு எல்லாம் ஒரே கூரை போடும் பேச்சை 2021 மே மாதம் சுவிஸ் அரசே முறித்துக்கொண்டது.

2024 டிசம்பரில் புதிய தொகுப்பு ஒன்று பேசி முடிக்கப்பட்டது. அதில் தகராறு வந்தால் நடுவர் மன்றம் தீர்க்கும். ஐரோப்பியச் சட்டத்துக்குப் பொருள் சொல்லவேண்டிய இடத்தில் அந்த மன்றம் லக்சம்பர்க்கைக் கேட்கும். 'அந்நிய நீதிபதிகள்' என்ற சொல் மறுபடி மேடையேறிவிட்டது.

ஆனால் இந்த முறை சண்டை, கேள்வியைப் பற்றி ஆரம்பிப்பதற்கு முன்பே, எண்ணும் முறையைப் பற்றி ஆரம்பித்துவிட்டது. மக்கள் பெரும்பான்மை மட்டும் போதும் என்று 2025 ஏப்ரலில் அமைச்சரவை சொன்னது. 2000இல் ஏழு ஒப்பந்தங்களும் அப்படித்தான் நிறைவேறின என்பது அவர்களுக்குப் பக்கபலம். கான்டன்களையும் எண்ணத்தான் வேண்டும் என்பவர்கள் 1992ஐக் காட்டுகிறார்கள். அதையே அரசியல் சாசனத்தில் எழுதிவைக்கக் கோரும் ஒரு முனைவு, தேவையான ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு, அரசின் இருப்பிடமான பெர்னுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதைத் தொடங்கி வைத்தவர்கள் மலைப் பள்ளத்தாக்கின் விவசாயிகள் அல்லர், சூக் கான்டனிலிருந்து இயங்கும் ஒரு பெரிய முதலீட்டு நிறுவனத்தின் நிறுவனர்கள்.